முகத்துவாரத்து இறாலுக்கு ஒரு போணி

கண் பரிசோதனைக்காக ஊருக்குப் போகிறேன் என்று மகளிடம் சொன்னேன். ஜப்பானில் கண் மருத்துவர் இல்லையா என்று அவள் கேட்கவில்லை. என் வயதில் ஊருக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் உடம்பில் ஏதாவது ஓர் உறுப்பைக் காரணம் காட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். நான் போனது கண்ணுக்காக அல்ல, வாய்க்காக. என் வாய் ஒரு மீன்காரப் பெண்ணின் பிழைப்பைக் கெடுத்திருந்தது. அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ராயபுரம் வரை சிரமம் இல்லை. அங்கிருந்து திருவொற்றியூருக்கு ஆட்டோ பிடித்தேன். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் சாலையின் ஒரு பக்கம் முழுவதும் வரிசையாக நின்றிருந்தன. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லாரியின் சக்கரத்தில் துணி காய்ந்தது. நான் ஊரைவிட்டுப் போகும்போதும் அவை நின்றிருந்தன. அதே லாரிகள்தானோ என்று நினைத்தேன்.

காசிமேட்டைத் தாண்டியதும் ஆட்டோவின் பின் சக்கரம் பஞ்சர். ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். "இன்னா பெரியவரே, ஃபாரின் பொட்டி வெயிட்டு தாங்கல பாரு. எந்த ஊரு?"

"ஜப்பான்."

சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "அப்போ அந்த அணு தண்ணி மேட்டரு நெசந்தானா? எங்க வூட்ல மீனே வாங்கறதில்ல. அங்க கீற ஒரு புரபசரு சொல்லிக்கீறாரு. வாட்ஸப்புல வந்துச்சு. கேளு." கறுத்த விரலால் கைபேசியைத் தேய்த்து என் காதருகே பிடித்தார்.

என் குரல்தான். வகுப்பில் பேசுகிற அதே நிறுத்தி நிறுத்திப் பேசும் குரல். "படிச்ச ஆளு, கணீர்னு பேசறான் பாரு" என்றார் ஓட்டுநர். அதன் பிறகு வீடு போய்ச் சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. இடது, வலது என்று கையால் காட்டினேன்.

அந்தக் குரல் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். ஜப்பானில் பழுதான அணுமின் நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் தொட்டிகளில் தேக்கியிருந்த தண்ணீரைச் சுத்திகரித்து, சிறிது சிறிதாகக் கடலில் விடத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் நான் முன்பு குடியிருந்த தெருவுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. சார், அங்கே எப்படி இருக்கிறது என்று அதில் யாரோ கேட்டார்கள். ஓய்வுபெற்ற பிறகு என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. பதில் சொல்ல உட்கார்ந்தேன்.

நாங்கள் மீனை அடியோடு நிறுத்திவிட்டோம் என்றேன். கடல் ஒன்றுதான், இன்று அங்கே விட்டது நாளை உங்கள் கரைக்கு வரும் என்றேன். ஆறு கடலில் கலக்கும் இடத்துச் சேற்றில் வாழும் இறாலும் நண்டும்தான் கதிரியக்கத்தை முதலில் உறிஞ்சும், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னேன். பேசி முடித்து அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்று எங்கள் வீட்டில் சுட்ட கானாங்கெளுத்தி. முள்ளோடு சப்பித் தின்றேன். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை அங்கே அளந்து வெளியிடுகிறார்கள். நான் அதைப் படித்திருந்தேன். பயப்பட ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்கிறவனை யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்?

தம்பி சந்தானத்தின் வீட்டில் மதியச் சாப்பாடு காத்திருந்தது. கத்தரிக்காய்ச் சாம்பார், உருளை வறுவல், முட்டை. மூன்று தலைமுறையாகத் திருவொற்றியூரில் இருக்கும் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் இலை போட்டு நான் பார்த்ததில்லை. தம்பி மனைவி கமலாவிடம், ஒரு வஞ்சிரத் துண்டுகூட இல்லையா என்று கேட்டேன்.

"நீங்கதானே மாமா வேண்டாம்னீங்க" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். இப்போது கடல் மீன் மட்டும் சிலர் வாங்கத் தொடங்கியிருக்கிறார்களாம். முகத்துவாரத்து இறாலை யாரும் தொடுவதில்லை.

"தேசம்மா?"

"அந்தம்மா ஒரு மாசம் கூடையோட வந்து வந்து பார்த்துச்சு மாமா. யாரும் கதவைத் திறக்கல. ஒருநாள் நம்ம கேட்ல உக்காந்து, சாரு நம்பரக் குடுன்னு கேட்டுச்சு. நான்தான் குடுக்கல." கொஞ்சம் நிறுத்தி, "குடுத்திருக்கணுமோ?" என்றாள்.

தேசம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தைச் சேர்ந்தவள். ஆறு கடலில் சேருகிற இடத்தில் பிடிக்கும் இறாலை அலுமினிய அன்னக்கூடையில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவாள். தலைக்கூடைக்காரப் பெண்களிடையே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆளுக்கு ஒரு தெரு. ஒருத்தியின் தெருவில் இன்னொருத்தி குரல் கொடுக்கக் கூடாது. எங்கள் தெரு தேசம்மாளுடையது. அந்தத் தெருவில் அவளுக்கு முதல் வியாபாரம், போணி, என் கையால்தான். சாரு கை ராசி என்பாள். நான் கல்லூரிக்குக் கிளம்பும் முன்பே வந்து கேட்டைத் தட்டுவாள். நான் ஒரு பிடி வாங்கிய பிறகுதான் மற்ற வீடுகளுக்குப் போவாள். எனக்குக் காய்ச்சல் என்றால் படுக்கையிலிருந்து கையை மட்டும் நீட்டச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய போணிக்காரரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றால் தெருவில் வேறு யார் வாங்குவார்கள்?

மறுநாள் காலை வடகறியோடு இட்லி தின்றுவிட்டு எண்ணூருக்கு ஷேர் ஆட்டோவில் கிளம்பினேன். ஆறு பேர் உட்காரும் வண்டியில் பத்துப் பேர். எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணியின் மடியில் என் முழங்கால் இருந்தது. "பரவால்ல நைனா, நல்லா குந்து. எண்ணூர் வரைக்கும் எல்லாம் ஒரே குடும்பந்தான்" என்றார். ஜப்பானில் ரயிலில் இதைவிட நெரிசலாக நின்றிருக்கிறேன். அங்கே யாரும் என்னைக் குடும்பத்தில் சேர்த்ததில்லை.

தேசம்மா இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறாள். அன்று அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. வீட்டு வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "வாய்யா ஜப்பான். மீன் துன்றத வுட்டவன் எளச்சிப் பூடுவான்னு பாத்தா, நல்லாத்தான் கீற."

நான் சொன்னது தப்பு, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் இன்னும் சில இருந்தன. அவள் கையமர்த்தினாள்.

"தப்புன்னு எனக்குத் தெரியும் சாரு. அத்த என்னாண்ட வந்து சொல்லிகினு கீற. எனக்கா மெசேஜு அனுப்ச்ச? தெருவுக்கு அனுப்ச்ச. தெருவுல போய் சொல்லு."

"சொல்றேன்."

"பேச்சுலாம் வாணாம். பேசித்தான் இம்மாம் பேஜாரு. நாளிக்குக் காலீல நான் கூடைய எடுத்துகினு வரேன். எப்பயும் போல கேட்டாண்ட நின்னு போணி பண்ணு. நாலு வூடு பாக்கணும். அது போதும்."

கேன்டீன் வேலை பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "அங்க நான் யாரோ ஒரு கெயவி. உந்தெருவுல நான் தேசம்மா" என்றாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சோறும் இறால் தொக்கும். நான் உலகத்தில் எந்த ஊரிலும் அந்த ருசியைக் கண்டதில்லை. அவளுடைய பேத்தி, பள்ளிக்கூடம் போகாத வயது, அடுப்பங்கரைக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. சட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. "இது எறா துன்னே வளந்த ஒடம்பு" என்று தேசம்மா அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

கை கழுவ ஆற்றங்கரைக்குப் போனேன். வீட்டிலேயே தண்ணீர் இருந்தது, ஆனாலும் போனேன். அக்கரையில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் மணல் தட்டுப்படவில்லை. மாவு போல ஒன்று கைக்கு வந்தது. எடுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம். பூசிய விபூதி போல விரல் இடுக்குகளில் நின்றது. துடைத்தாலும் போகவில்லை.

அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். நிலக்கரியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் ஈயமும் ஆர்செனிக்கும் போன்ற உலோகங்கள் இருக்கும். யுரேனியமும் தோரியமும்கூடச் சிறிதளவு இருக்கும். கதிரியக்கம் பற்றிய பாடத்தில் ஒவ்வோர் ஆண்டும் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். வகுப்பறை ஜன்னலிலிருந்து புகைபோக்கி ஒன்று தெரியும். அதோ அது என்று ஒருநாளும் கைநீட்டிக் காட்டியதில்லை. அதற்கு யாரும் தடை போட்டிருக்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. பல ஆயிரம் மைல் தொலைவில் அளந்து விடப்படும் தண்ணீருக்காகக் குரலை உயர்த்தியவன், தெரு முனையில் யாரும் அளக்காமல் ஓடுகிற தண்ணீரைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தேசம்மா பின்னாலேயே வந்திருந்தாள். தண்ணீர் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"கம்பெனித் தண்ணி அது. அத்த கேக்கறதுக்கா ஜப்பான்லேந்து வந்த?"

கொஞ்சம் இறாலை ஓர் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், சீக்கிரம் முடிவு தெரிந்துவிடும் என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "கெட்டுதுன்னு வந்துச்சுன்னா? அப்பாலயும் நீ போணி பண்ணுவியா?"

நான் விரல்களை மறுபடி தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன்.

"அப்போ பாக்காத" என்றாள்.

ஆய்வகத்துக்கு நான் எதையும் கொடுக்கவில்லை. அன்று மாலை முழுவதும் அதற்கு ஒரு நியாயம் தேடிக்கொண்டிருந்தேன். தம்பி என்னை உற்சாகப்படுத்த ராயபுரத்துக்கு அழைத்துப் போய் அத்தோ வாங்கிக் கொடுத்தான். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். வெங்காயமும் முட்டைக்கோஸும் புளித்தண்ணீரும் போட்டு, கடைக்காரர் கையாலேயே பிசைந்து தருவார். தட்டின் மேல் இறால் பொடி தூவ வந்தார். "பொடி வாணாம்" என்றான் தம்பி. கடைக்காரர் சிரித்தார். "நீயுமா மாமு? எல்லாரும் இதத்தான் சொல்றானுங்க. எவனோ ஒரு பேமானி இன்னாவோ சொல்லிவுட்டான்." தம்பி என்னைப் பார்க்காமல் தின்றான்.

அடுத்த நாள் காலை தேசம்மா வந்தாள். குளித்து, பூ வைத்து, பழைய அன்னக்கூடையைத் துலக்கி எடுத்துவந்திருந்தாள். தெரு முனையிலிருந்தே குரல் கொடுத்தாள். "எறா, எறாலேய்." அந்தக் குரலுக்கு ஜன்னல்கள் திறந்தன, கதவுகள் திறக்கவில்லை. இந்தத் தெருவுக்கு இப்போது வருகிற கடல் மீன்காரப் பெண்ணும் அங்கே இருந்தாள். எங்கள் தெரு விளக்குக் கம்பத்தடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

நான் கேட்டைத் திறந்து வெளியே வந்தேன். கூடைக்கு முன்னால் குனிந்தேன். ஒரு பிடி எடுத்தேன். பிறகு, எல்லாரும் பார்க்கும்படி இன்னும் இரண்டு பிடி எடுத்தேன். தேசம்மா நான் கொடுத்த நோட்டை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். பேச்சு வேண்டாம் என்றுதான் அவளும் சொல்லியிருந்தாள். ஆனால் எதிர்வீட்டு மாடியிலிருந்து நிர்மலா இறங்கி வந்தார். வங்கியில் வேலை செய்பவர். இடுப்பில் குழந்தை.

"சார், அன்னைக்கு நீங்க சொன்னது?"

"தப்பு. அந்தத் தண்ணீரால் இங்கே எதுவும் ஆகாது. நாங்கள் மீன் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம். சாப்பிடவில்லை என்று சொன்னது பொய்."

இதைச் சொல்வது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. நிர்மலாவின் முகத்தில் கோபம் வந்தது. பிறகு, நியாயமாக அடுத்த கேள்வியைக் கேட்டார். "அப்போ இந்த இறால் நல்லதுதானே சார்? ஆத்துல சாம்பல் கலக்குதுன்னு வேற சொல்றாங்க. குழந்தைக்குக் குடுக்கலாமா?"

தேசம்மா கூடையைப் பார்த்தபடி இருந்தாள். கம்பத்தடியில் நின்ற பெண் என் வாயைப் பார்த்தாள். மாடிகளில் நின்றவர்களும் என் வாயைத்தான் பார்த்தார்கள். முந்தின நாள் சாம்பல் என் நக இடுக்கில் இன்னும் இருந்தது. தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதுதான் உண்மை. அந்த ஒரு சொல்லில் தேசம்மா இனி எப்போதும் கேன்டீன்தான்.

"தாராளமாகக் கொடுங்கள். என் பேத்தி இங்கே இருந்தால் அவளுக்குத்தான் முதலில் ஊட்டுவேன்" என்றேன்.

இதைக் குழுவிலும் சொல்லிவிடுங்கள் என்று நிர்மலா கைபேசியை நீட்டினார். சொன்னேன். அதே கணீர்க் குரல். அரை மணி நேரத்தில் கூடையின் அடியில் ஐஸ் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. கடல் மீன்காரப் பெண் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "வாயாலயே வெச்சான், வாயாலயே எடுத்தான்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனாள். அவளும் சம்பாதிக்க வந்தவள்தான். அவளைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை.

மீதி நாட்களில் எழுத ஒன்றும் இல்லை. கமலா இறால் வறுத்தாள். தம்பி இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டான். கண்ணையும் காட்டினேன், வயதுக்குப் பரவாயில்லை என்றார்கள். காலையில் தேசம்மா வந்து கேட்டைத் தட்டும்போது விழித்துக்கொண்டுதான் இருப்பேன். எழுந்து போய்ப் போணி செய்துவிட்டு வந்து படுப்பேன். கேன்டீனை விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

புறப்படுகிற அன்று ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். வெயிலில் காயவைத்த இறால். ஓட்டை நீக்கி, தலை கிள்ளி, வெள்ளைத் துணியில் கட்டியிருந்தாள். ஒன்றுகூட உடையவில்லை. "உம்பேத்திக்கு சாரு. ரோட்ல நின்னு சொன்னியே, அதுக்குத்தான் மொதல்ல ஊட்டுவேன்னு. ஊட்டு."

விமான நிலையத்தில் யாராவது அதைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு நாட்டுக்காரர்களும் பிரித்துப் பார்த்து, முகர்ந்து, மூக்கைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பேத்திக்கு ஐந்து வயது. வாசனை வந்ததுமே சமையலறைக்கு ஓடினாள். மகள் நெய்யில் வறுத்து, மேசையில் மூன்று தட்டு வைத்தாள். சின்னத் தட்டில் நாலைந்து இறால் விழுந்தது. குழந்தை ஒன்றை எடுத்துவிட்டாள்.

"அவளுக்கு வேண்டாம்" என்றேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "ஏம்பா?"

"காரம்."

"காரமே போடலையே."

குழந்தையின் விரல்களைப் பிரித்து அந்த இறாலை வாங்கினேன். அவள் அழத் தொடங்கினாள். மகளும் அந்தத் தெருக் குழுவில் இருக்கிறாள். நான் பேசியதைக் கேட்டிருக்கிறாள். தன் தட்டில் இருந்ததையும் குழந்தையின் தட்டில் இருந்ததையும் என் தட்டில் கொட்டினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவையும் நானே தின்றேன். மிக நன்றாக இருந்தது.

பெயர்களை மாற்றிவிட்டேன். ஊரை மாற்ற முடியாது, ஆறு அங்கேதான் ஓடுகிறது. இதைத் தெருவில் யாராவது படித்தால் தேசம்மா மறுபடி பாத்திரம் தேய்க்கப் போவாள். படிக்காவிட்டால் அந்தத் தெருவின் குழந்தைகள் தின்றுகொண்டிருப்பார்கள். அன்று அந்த ஆய்வகத்துக்கு ஒரு பிடி கொடுத்திருந்தால் இறால் நல்லதா கெட்டதா என்றாவது எனக்குத் தெரிந்திருக்கும். முதலில் தேசம்மாளுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

நேற்று நிர்மலா குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். உயரமான நாற்காலியில் அவருடைய குழந்தை. வாயைச் சுற்றி மசாலா, இரண்டு கையிலும் இறால். கீழே, சாருக்கு நன்றி என்று எழுதியிருந்தார். தெருவே கைதட்டும் படங்களைப் போட்டிருந்தது. பதில் எழுதக் கைபேசியை எடுத்தேன். என்ன எழுதலாம் என்று அது தானாகவே சில சொற்களை எடுத்துக் கொடுத்தது. எல்லாம் மகிழ்ச்சியான சொற்கள்.